தங்கைக்கு வலிப்பு இல்லை. வலிப்பு மாத்திரை மட்டும் எதற்கு?

கோபிக்காரன் கேட்டது

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் தங்கைக்கு வயது 23. பெருந்துறைப் பக்கம் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறாள். பங்குனிக் கடைசியில் தொடர்ந்து நான்கு இரவுகள் அவள் தூங்கவே இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு மாட்டுக் கொட்டகையில் விளக்கைப் போட்டு உட்கார்ந்து, சொந்தமாக ஏற்றுமதி நிறுவனம் தொடங்கும் திட்டத்தை ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்து கோட்டை விட்டு மேலே ஏறியிருந்தது. பக்க ஓரங்களில் எல்லாம் கோடிக் கணக்கில் எண்கள். ஐந்தாம் நாள் அம்மாவின் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைக்கக் கிளம்பியபோதுதான் எங்களுக்கு விபரீதம் உறைத்தது.

ஈரோட்டில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினோம். பைபோலார் என்னும் இருதுருவ மனநிலைக் கோளாறு என்று சொல்லி, ஓலான்சபைனும் சோடியம் வால்புரோயேட்டும் எழுதிக் கொடுத்தார். பத்து நாட்களுக்குள் தூக்கம் வந்தது, பேச்சின் வேகமும் தணிந்தது. எங்கள் ஊர் மருந்துக் கடையில் அடுத்த மாதத்து மாத்திரை வாங்கப் போனபோது, கடையில் இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது காக்காய் வலிப்புக்குக் குடுக்கற மாத்திரைங்களே, உங்க வீட்டுல யாருக்குங்க வலிப்பு?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டார். பின்னால் நின்றிருந்தவர்களில் எங்கள் பெரியம்மாவும் ஒருவர்.

அன்று முதல் வீட்டில் நிம்மதி இல்லை. "நம்ம வமுசத்துலயே வலிப்பு கெடையாதே சாமி, டாக்டர் எதையோ மறைக்கறாரா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். தங்கையைப் பெண் கேட்டு ஓர் இடத்தில் பேச்சு நடந்துகொண்டிருப்பதால் அவருடைய பயம் இரட்டிப்பாகிவிட்டது. நானும் இணையத்தில் தேடினேன். தேடிய இடத்திலெல்லாம் முதலில் வருவது வலிப்பு என்ற சொல்தான். மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று அம்மா சொல்கிறார். வலிப்பே வராத ஒருத்திக்கு வலிப்பு மருந்து ஏன் கொடுக்கிறார்கள்? அது மூளையை எதுவும் செய்துவிடாதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பவானிக்கரை மருத்துவர் எழுதியது

தம்பி, நான் மனநல மருத்துவன். உங்கள் தங்கையை நேரில் பார்க்காமல் அவருடைய மருந்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை உடனே சொல்லிவிடுகிறேன்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இத்தனை சீக்கிரத்தில் நிறுத்தினால் அந்த நான்கு இரவுகள் திரும்பி வருவதற்கு வாய்ப்பு மிக அதிகம்.

உங்கள் மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. ஒரு மருந்துக்கு முதலில் எந்த நோயில் பயன் தெரிந்ததோ அந்த நோயின் பெயர் அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. மருந்தின் வேலை அதோடு நின்றுவிடுவதில்லை. இதய நோய்க்காக உருவாக்கப்பட்ட புரோப்ரனலாலைக் கை நடுக்கத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கிறோம். மனச்சோர்வுக்கு வந்த அமிட்ரிப்டிலினை நரம்பு வலிக்குக் கொடுக்கிறோம்; கால் எரிச்சலுக்கு அதை வாங்கிச் செல்லும் சர்க்கரை நோயாளியைப் பார்த்து யாரும் மனநோயாளி என்று சொல்வதில்லை.

வால்புரோயேட்டின் கதையைச் சொன்னால் உங்கள் அம்மாவுக்கும் விளங்கும். அதன் மூலப்பொருளான வால்புரோயிக் அமிலத்தை 1882இல் பெவர்லி பர்ட்டன் என்ற வேதியியலாளர் முதன்முதலில் உருவாக்கினார். அதன்பின் ஏறத்தாழ 80 ஆண்டுகள், மற்ற மருந்துகளைக் கரைக்க உதவும் வெறும் கரைப்பானாகவே அது சோதனைச் சாலைகளில் கிடந்தது. 1962இல் பிரான்சில் பியர் எய்மார் என்ற ஆய்வாளர் சில புதிய சேர்மங்களை அதில் கரைத்துச் சோதித்தபோது, எந்தச் சேர்மத்தைக் கொடுத்தாலும் விலங்குகளுக்கு வலிப்பு அடங்குவதைக் கண்டார்கள். அடக்கியது சேர்மம் அன்று, கரைப்பான் என்பது பிறகே தெரிந்தது. இப்படித்தான் அது வலிப்பு மருந்தானது. நான்கே ஆண்டுகளில், 1966இல், அதே நாட்டில் லம்பேர் என்ற மருத்துவர் அதன் நெருங்கிய உறவான வால்புரோமைடைப் பைபோலார் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டதை எழுதிவிட்டார். மேனியா என்னும் மிகையெழுச்சி நிலைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் வால்புரோயேட்டின் ஒரு வடிவமான டைவால்புரோயெக்ஸை ஏற்றது 1995இல். ஆக, உங்கள் தங்கை உட்கொள்வது இந்த நோய்க்கென்றே முறைப்படி ஏற்கப்பட்டு முப்பது ஆண்டுகள் ஆன மருந்து.

இன்னொரு வலிப்பு மருந்தான கார்பமாசெபைன் வேறு வழியாக வந்தது. வலிப்புக்காக அதை உட்கொண்டவர்களின் மனநிலையும் சீராவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானிய மருத்துவர்கள் அதை மேனியாவுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்துக்கு 2003இல் அமெரிக்காவில் பைபோலாருக்கான ஒப்புதல் கிடைத்தது. அது ஏறிய மனத்தை இறக்கும் மருந்தன்று. மனச்சோர்வு மீண்டும் வராமல் காப்பதில்தான் அதன் வலிமை இருக்கிறது.

எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்கு முழு விடை இன்னும் மருத்துவ உலகிடம் இல்லை. நரம்பணுக்களின் சவ்வில் உள்ள சோடியம் வாயில்கள் அடுத்தடுத்துத் திறந்து மின்துடிப்புகளை ஓயாமல் அனுப்புவதை இம்மருந்துகள் மட்டுப்படுத்துகின்றன. வால்புரோயேட் கூடுதலாக, காபா என்னும் அமைதிப்படுத்தும் வேதிப்பொருளின் கையை ஓங்கச் செய்கிறது. எலியின் மூளையில் மிகச் சிறிய மின்தூண்டலை நாள்தோறும் கொடுத்துவந்தால், முதலில் ஒன்றும் செய்யாத அதே அளவு சில வாரங்களில் வலிப்பையே உண்டாக்கிவிடும் என்று 1960களின் இறுதியில் கண்டார்கள். மனநிலைக் கோளாறும் ஒவ்வொரு முறை வரும்போதும் அடுத்த முறைக்குப் பாதை போடுகிறதோ என்று அமெரிக்காவின் ராபர்ட் போஸ்ட் அதை ஒப்பிட்டுப் பார்த்தார். இது சிந்தனைக்கு உதவிய ஒப்புமை மட்டுமே. நிறுவப்பட்ட உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கேதான் உங்கள் அம்மாவின் ஐயத்துக்கு நேரான விடை இருக்கிறது. பைபோலார் என்பது ஒளிந்திருக்கும் வலிப்பு நோயாக இருந்தால் வலிப்பை அடக்கும் எல்லா மருந்தும் அதை அடக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. காபாபென்டின், டோபிரமேட் என்ற வலிப்பு மருந்துகள் மேனியாவுக்கான ஆய்வுகளில், மருந்தே இல்லாத வெற்றுமாத்திரையை விஞ்சவில்லை. வலிப்புக்கு இன்று நாங்கள் மிகுதியாக எழுதும் லெவிடிரசெட்டாம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கிளப்பிவிடுகிறது. வலிப்பு மருந்துகளில் சில மட்டும் மனநிலையையும் நிலைநிறுத்துகின்றன. அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் பதிவில் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தங்கைக்கு 23 வயது. திருமணப் பேச்சு நடக்கிறது. கருவுற்றிருக்கும்போது வால்புரோயேட் உட்கொண்ட தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் பிறவிக் குறைபாடு காணப்படுகிறது; பொதுவாக இது நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். நூற்றுக்கு 30 முதல் 40 குழந்தைகளுக்குப் பேச்சு, கற்றல், நடத்தை ஆகியவற்றின் வளர்ச்சியில் பாதிப்பு வரக்கூடும். மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்த நான்கு வாரங்களுக்குள் மூடிவிடுகிறது. கருவுற்றதைப் பெண் அறிவதற்குள் அந்தக் கட்டம் பெரும்பாலும் முடிந்துபோயிருக்கும். ஃபோலிக் அமிலம் உட்கொண்டாலும் ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. இதனால்தான் பிரிட்டன் 2018இலேயே, உறுதியான கருத்தடை ஏற்பாடு இல்லாமல் கருவுறும் வயதுப் பெண்களுக்கு இதைக் கொடுக்கக்கூடாது என்று விதித்தது. ஏறிய மனத்தை விரைவில் இறக்குவதற்காக உங்கள் மருத்துவர் இதைத் தொடங்கியிருக்கலாம். இனி நீண்ட காலத்துக்கு எது என்று அவரிடம் கேளுங்கள். மனநிலையை நிலைநிறுத்தும் லித்தியம் என்ற மருந்து இருக்கிறது. 330 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2010இல் வெளியான பேலன்ஸ் ஆய்வில், நோய் திரும்பாமல் தடுப்பதில் லித்தியம் வால்புரோயேட்டைவிட மேலாகவே நின்றது. லாமோட்ரிஜினும் இருக்கிறது. எது பொருந்தும் என்பதை அவளை அறிந்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

தறிக்காரர், குமாரபாளையம்

டாக்டர் ஐயா சொன்னதற்குமேல் சொல்ல எனக்குப் படிப்பில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக வால்புரோயேட் உட்கொள்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதல் மூன்று ஆண்டுகள் ஒழுங்காக உட்கொண்டேன். பிறகு, நன்றாகத்தானே இருக்கிறோம், வலிப்பு இல்லாதவனுக்கு எதற்கு வலிப்பு மாத்திரை என்று உங்கள் அம்மா கேட்கும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு, ஓர் ஆடி மாதத்தில் யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒரு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஆறாவது வாரம் தூக்கம் குறைந்தது. குறைந்தது எனக்குச் சுகமாகவே இருந்தது. கையில் ஓர் ஆர்டரும் இல்லாமல் நான்கு லட்சத்துக்குக் கடனில் நூல் எடுத்து இறக்கினேன். அந்தக் கடன் அடைய இரண்டு ஆண்டுகள் ஆயின. தறிக்கூடத்தின் ஓரத்தில் மூட்டை மூட்டையாக அந்த நூல் கிடந்ததை என் மனைவி எந்நாளும் ஒரு சொல் சொல்லிக் குத்திக்காட்டியதில்லை; அதுவே எனக்கு அதிகமாக வலித்தது.

மாத்திரையால் தொல்லை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒன்பது கிலோ எடை கூடினேன். தலைமுடி கொட்டியது, பிறகு ஓரளவு வளர்ந்தது. கை நடுக்கம்தான் என்னை மிகவும் வருத்தியது. பாவில் ஓர் இழை அறுந்தால் இரண்டு நுனிகளையும் விரல்களுக்கிடையில் உருட்டிக் கண்மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போடுவேன். பத்து வயதில் அப்பா கற்றுக்கொடுத்த வேலை அது. மருந்து தொடங்கிய பிறகு நுனிகள் ஒன்றையொன்று தாண்டித் தாண்டிப் போயின. பக்கத்துத் தறியில் இருந்த பையன் வந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தான். மருத்துவரிடம் சொன்னேன், அளவைக் கொஞ்சம் குறைத்து, மெதுவாகக் கரையும் மாத்திரையாக இரவில் மட்டும் மாற்றிக் கொடுத்தார். இப்போது காலையில் சற்று நடுங்குகிறது, பொழுது ஏற ஏறச் சரியாகிவிடுகிறது. முடிச்சை நானே போடுகிறேன்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுத்து ஈரலையும் தட்டணுக்களையும் பார்த்துக்கொள்கிறேன். மாத்திரையின் அளவு ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்ப்பார்கள். அதற்கு அடுத்த வேளை மாத்திரை போடும் முன் ரத்தம் கொடுக்க வேண்டும். போட்டுவிட்டுப் போனால் கணக்குத் தப்பாக வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். தம்பி, மருந்தை விடுவதற்கு முன் அதன் தொல்லையை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால் வழி பிறக்கிறது.

காங்கேயத்து அக்கா எழுதியது

இந்தத் திரியை மூன்று முறை படித்தேன். எல்லாரும் உங்கள் தங்கைக்கு வலிப்பு இல்லை என்று ஆறுதல் சொல்கிறீர்கள், அது உண்மைதான். ஆனால் என் தங்கைக்கு வலிப்பு இருக்கிறது. பதினாறு ஆண்டுகளாக இதே மாத்திரைக் கூட்டத்தில் ஒன்றை உட்கொண்டு, ஆசிரியப் பயிற்சி முடித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள். "வலிப்பு என்று ஊரில் பெயர் வந்துவிடுமோ" என்று நீங்கள் நடுங்கும் அந்தப் பெயரோடு நாங்கள் வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு காலத்தில் திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999இல் நாடாளுமன்றம் அந்தச் சொல்லைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. சட்டம் விட்டதை நம் சனம் இன்னும் விடவில்லை என்பதுதான் என் வருத்தம். மருந்துக் கடையில் உங்கள் முகம் சுருங்கியதில் பாதி பைபோலாருக்காக, மீதி வலிப்பு என்ற சொல்லுக்காக. இரண்டுமே மூளையில் வருகிற நோய்கள். இரண்டில் எதற்கும் ஒரு குடும்பம் தலைகுனிய வேண்டியதில்லை. உங்கள் அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள், தம்பி. கோபித்து எழுதவில்லை.

மருந்தாளுநர், திருப்பூர்

கடையில் அப்படிக் கேட்டது தவறு. ஒருவர் மருந்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் ஓரமாக அழைத்துத் தாழ்ந்த குரலில் பேச வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

மாத்திரை வாங்கும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். வால்புரோயிக் அமிலம், சோடியம் வால்புரோயேட், டைவால்புரோயெக்ஸ் என்று பெயர்கள் மாறி வந்தாலும் உடலுக்குள் போய்ச் சேர்வது ஒரே பொருள்தான். ஆனால் உடனே கரைவதும் மெதுவாகக் கரைவதும் ஒன்றல்ல, பட்டையில் மெதுவாகக் கரைவதைக் குறிக்க சி.ஆர்., இ.ஆர். என்று அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் பார்த்துச் சீட்டில் உள்ளதையே வாங்குங்கள். "அது இல்லீங்க, இதுவும் அதேதான்" என்று கடைக்காரர் சொன்னால் மருத்துவரிடம் கேட்காமல் மாற்றாதீர்கள். மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைத்தோ பொடித்தோ கொடுக்கக் கூடாது.

லாமோட்ரிஜினுக்கு மாற்றினால் பொறுமை வேண்டும். வழக்கமாக 25 மில்லிகிராமில் இரண்டு வாரம், 50இல் இரண்டு வாரம் என்று படிப்படியாக ஏற்றுவார்கள். வால்புரோயேட் உடலில் இருக்கும்போது லாமோட்ரிஜின் ரத்தத்தில் இரட்டிப்பாகத் தங்குவதால், அப்போது இன்னும் மெதுவாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் 25 என்று தொடங்குவார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் தோல் தடிப்பு வரலாம். அபூர்வமாக அது வாயும் கண்ணும் புண்ணாகித் தோல் உரியும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோயாக முற்றி உயிருக்கே ஆபத்தாகும். முதல் இரண்டு மாதங்களில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால், வேர்க்குரு என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். சித்திரை வெயிலில் நம் பக்கம் எல்லாருக்கும் வேர்க்குரு வருகிறது. அந்தக் குழப்பத்தில் இரண்டு நாளைக் கடத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இடையில் ஒரு வாரம் மருந்து விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. அடியிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும்.

கார்பமாசெபைன் என்றால், எச்.எல்.ஏ. பி 1502 என்ற மரபுக்கூறு உள்ள ஆசிய வம்சாவளியினருக்கு இதே தோல் நோய் வரும் ஆபத்து அதிகம் என்று அமெரிக்கக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2007இல் எச்சரித்தது; ரத்தப் பரிசோதனையில் அதைக் கண்டறியலாம். கருத்தடை மாத்திரையின் பலத்தையும் கார்பமாசெபைன் குறைத்துவிடும். திருமணமாகப்போகும் பெண்ணுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். லித்தியம் உட்கொள்பவர்கள் தலைவலிக்கும் மூட்டு வலிக்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது. ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும்.

கோபிக்காரன்

எழுதிய அனைவருக்கும் நன்றி. காங்கேயத்து அக்கா, உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் புள்ள எந்தப் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்குதாம்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு மாத்திரையை நிறுத்தும் பேச்சை எடுக்கவில்லை. கருப்பராயன் கோயில் கயிறும் கையில் இருக்கிறது, இரவு மாத்திரையும் அவரே எடுத்துக் கொடுக்கிறார்.

நான் செய்த தவறு ஒன்று உண்டு. இத்தனை நாளும் சீட்டையும் மாத்திரையையும் நானே வைத்துக்கொண்டு, தங்கையிடம் "தூக்கத்துக்கு" என்று மட்டும் சொல்லியிருந்தேன். நேற்று இந்தத் திரி முழுவதையும் அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்து முடித்து, அதே நீள நோட்டை எடுத்து, பின்பக்கத்திலிருந்து மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை எழுத ஆரம்பித்தாள். எழுத்து கோட்டின் மேல் நிற்கிறது. முதல் கேள்வி: "கல்யாணத்துக்கு எத்தனை மாதத்துக்கு முன்னால் மருந்தை மாற்ற ஆரம்பிக்க வேண்டும்?" வியாழக்கிழமை ஈரோட்டுக்குப் போகிறோம்.

பவானிக்கரை மருத்துவர்

நல்ல கேள்வி, மாப்பிள்ளை வீட்டாரிடம் தேதி பேசுவதற்கு முன்பே கேட்க வேண்டியது. லாமோட்ரிஜினை முழு அளவுக்கு ஏற்றவே ஆறு வாரங்களுக்குமேல் ஆகும். வால்புரோயேட்டைப் படிப்படியாகக் குறைத்து, புதிய மருந்தில் மனநிலை நிலைக்கிறதா என்று சில மாதங்கள் பார்க்கவும் வேண்டும். அவசரம் காட்டாமல் நாள் குறியுங்கள். அதுவரை அவளாக எந்த மாத்திரையையும் விட வேண்டாம். இடையில் மீண்டும் தூக்கம் குறைந்தால் வியாழன் வரை காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்; நள்ளிரவில் யாரும் கிடைக்காவிட்டால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். நோட்டை அவள் கையிலேயே கொடுத்து உள்ளே அனுப்புங்கள்.